பழைய கம்ப்யூட்டரில் புது ரேம்: வாரண்டி தர மறுத்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: வீட்டிலேயே டிடிபி வேலை செய்து பிழைக்கிறேன். பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பில் 4 ஜிபி ரேம் இருந்தது. இரண்டு மாதம் முன்பு 1,600 ரூபாய்க்கு 8 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் ஒன்று வாங்கிச் சேர்த்தேன். அன்றிலிருந்து ப்ளூ ஸ்கிரீன் (கம்ப்யூட்டர் முடங்கி நீலத் திரை வருவது); சில ஃபைல்கள் திறப்பதே இல்லை. பில்லில் ஒரு வருட வாரண்டி என்று இருந்தும், “உங்க மதர்போர்டு பழசு, ரேம்ல ஒண்ணும் இல்ல” என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் கடைக்காரரின் அந்த ஒரு வரிதான் நுகர்வோர் ஆணையத்திலும் அவருடைய எதிர்வாதமாக இருக்கும். அதை உடைக்கும் சாட்சியத்தை முதலில் தயார் செய்யுங்கள்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இரண்டு ரேமையும் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகள்களைத் துடையுங்கள். வாரண்டி ஸ்டிக்கரைத் தொடவே வேண்டாம். பயாஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) டீஃபால்ட் அமைப்பைப் போட்டு, புது ரேமை மட்டும் மாட்டி, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். குறைந்தது நான்கு பாஸ், அதாவது நான்கு முழுச் சுற்று. இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் கோளாறுதான். பிறகு அதே ரேமை போர்டில் ரேம் மாட்டும் அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பழைய ரேமையும் இதேபோல் இரண்டு ஸ்லாட்டிலும் சோதியுங்கள்.

புதியது எங்கே போட்டாலும் பிழை, பழையது எங்கும் சுத்தம் என்றால் குற்றம் புது ரேமில். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை என்றால் போர்டு. எல்லா இடத்திலும் பிழை என்றால் போர்டு, பிராசஸர் அல்லது பவர் சப்ளை. அப்போது வழக்கை விட்டுவிடுங்கள். தனித்தனியே சுத்தமாக ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வருகிறதா? அது பொருத்தமின்மை. போர்டு மாடலைச் சொல்லி, “இது சேரும்” என்று கடைக்காரர் உறுதி தந்திருந்தால்தான் வாதம் நிற்கும்.

டிடிஆர்3 ரேம் ஏற்கும் வேறொரு கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பிழை வந்துவிட்டால் “போர்டு பழசு” வாதம் அங்கேயே முடிந்தது. ஸ்டிக்கரிலுள்ள சீரியல் எண், ஸ்லாட், திரை மூன்றையும் வெட்டில்லாமல் ஒரே வீடியோவில் எடுங்கள்.

இனி சட்டம். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சுயதொழிலால் பிழைப்பதற்கு மட்டுமே வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) நுகர்வோராகவே ஏற்கிறது. வாரண்டிக் காலத்துக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. “கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க” என்று சொல்லிக் கடைக்காரர் கைகழுவிவிட முடியாது. விற்றவர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம்.

15 நாள் அவகாசம் தந்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்துவையுங்கள். பல தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. முடியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரிவு 38-இன்படி ஆணையம் ரேமை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அது ரேமின் விலையைத் தாண்டிவிடலாம் என்பதால்தான் வீடியோவை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மாற்று ரேம் அல்லது பணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். கெட்டுப்போன ஃபைல்களுக்கு இழப்பீடு வேண்டுமென்றால், எந்த ஆர்டர் கைவிட்டுப் போனது, எவ்வளவு நஷ்டம் என்பதற்கு ரசீதோ வாட்ஸ்அப் செய்தியோ வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த ரேமைக் கழற்றி வைத்துவிடுங்கள்; தொடர்ந்து ஓட்டினால் இன்னும் ஃபைல்கள் கெடும். சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் அதைக் கடையில் ஒப்படைக்காதீர்கள்.