லண்டனில் லீஸ்ஹோல்ட் பிளாட்: விளம்பரத்தில் ஒரு காலம், பதிவேட்டில் வேறு காலம். எதை நம்புவது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: ஈஸ்ட் ஹாமில் இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கு விலை பேசி முடித்தாகிவிட்டது. ஏஜென்ட் விளம்பரத்தில் 99 வருட லீஸ், அதாவது மண்ணுக்குச் சொந்தக்காரர் தரும் நீண்டகாலக் குத்தகை, என்று இருந்தது. விற்பவர் நிரப்பிய படிவத்தில் 81 வருடம் மீதி. அரசின் சொத்துப் பதிவேடான லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலோ ‘லீஸ் தேதி 11 மே 2008, காலம் 25 டிசம்பர் 1999 முதல் 99 வருடம்’. மண்ணின் சொந்தக்காரருக்குக் கட்டும் கிரவுண்ட் ரென்ட் தொகையும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது, வாங்கலாமா, விலகிவிடலாமா?

லீஸ் பத்திரத்தையும் பதிவேட்டையும்தான் நம்ப வேண்டும். லண்டனில் வீடு வாங்கல் விற்றல் பார்க்கும் சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். இந்த மாதிரி முரண் எங்கள் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் விஷயத்தில் யாரும் வேண்டுமென்று பொய் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. 99 என்பது லீஸ் எழுதியபோது கொடுத்த மொத்தக் காலம். ஏஜென்ட் அதை அப்படியே விளம்பரத்தில் போட்டுவிட்டார். விற்பவர் பத்திரத்தில் கையெழுத்தான 2008-இல் இருந்து எண்ணியிருக்கிறார். காலம் ஓட ஆரம்பித்ததோ 1999 கிறிஸ்துமஸ் அன்று. ஆக இந்த லீஸ் 24 டிசம்பர் 2098-இல் முடிகிறது. இன்றைக்கு மீதி 73 வருடத்துக்கும் குறைவு.

ஒரே கட்டடத்தில் பிளாட்டுகள் வெவ்வேறு வருடங்களில் விற்றாலும், எல்லா லீஸும் ஒரே நாளில் முடியட்டும் என்று தொடக்கத் தேதியைப் பத்திரத் தேதிக்கு முந்தைய ஒரே நாளாக வைப்பது இங்கே வழக்கம். மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 ஆகிய நான்கும் இங்கிலாந்தில் பழங்காலத்திலிருந்து வாடகை நாட்கள். லீஸில் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் பத்திரத் தேதியை மறந்துவிட்டு அதிலிருந்து எண்ணுங்கள். 2006 ஜூன் 19-க்குப் பிறகு எழுதிய லீஸ் என்றால் முதல் பக்கங்களிலேயே எல்ஆர்1 முதல் எல்ஆர்14 வரை வரிசையாக இருக்கும். காலம் எல்ஆர்6-இல். உங்களுடையது 2008 என்பதால் நிச்சயம் இருக்க வேண்டும். பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள்.

அதற்குள் கோபப்படவும் வேண்டாம். இடையில் லீஸ் நீட்டிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீட்டித்தால் சட்டப்படி அது புது லீஸ். பெரும்பாலும் புது டைட்டில் எண்ணில், அதாவது புது பதிவேட்டு எண்ணில், பதிவாகும். கையில் இருப்பது பழைய எண்ணின் நகலாக இருந்தால் ஏஜென்ட் சொன்னதே சரியாகவும் போகலாம். ஃப்ரீஹோல்ட் டைட்டிலின், அதாவது மண்ணையும் கட்டடத்தையும் சொந்தமாக வைத்திருக்கும் ஃப்ரீஹோல்டரின் பதிவேட்டின், நகலையும் வாங்கிப் பார்த்தால், அந்தக் கட்டடத்தின் மேல் பதிவான லீஸ்கள் அட்டவணையாக இருக்கும். அரசின் தளத்தில் ஒரு நகல் 7 பவுண்ட். அதே நகலுக்கு மூன்று மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் கூகுளில் மேலே வந்து நிற்கும், ஏமாறாதீர்கள்.

நீட்டிப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த எட்டு வருட வித்தியாசம் பெரிய பணம். சென்னையில் பிளாட் வாங்கினால் யுடிஎஸ் என்று மனையில் ஒரு பங்கு நம் பெயரில் பதிவாகிறது. கட்டடம் இடிந்தாலும் மண் மிஞ்சும். லீஸ்ஹோல்டில் அது கிடையாது. வாங்குவது காலத்தைத்தான். அதிலும் 80 வருடம் என்பது ஒரு எல்லைக்கோடு. 1993 சட்டத்தின்படி பிளாட் சொந்தக்காரர் லீஸை 90 வருடம் நீட்டித்துக்கொள்ளலாம். கிரவுண்ட் ரென்ட்டும் பூஜ்யமாகிவிடும். மீதி 80-க்குக் கீழே போய்விட்டால், நீட்டிப்பால் பிளாட்டின் மதிப்பு கூடும் தொகையில், அதாவது மேரேஜ் வேல்யூவில், பாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். 2024-இல் வந்த சீர்திருத்தச் சட்டம் இதை ஒழிக்கிறது, 90-ஐ 990 ஆக்குகிறது. ஆனால் அந்தப் பிரிவுகள் நான் இதை எழுதும்போது அமலுக்கு வரவில்லை. ‘சட்டம் மாறிவிட்டது, கவலைப்படாதீர்கள்’ என்று ஏஜென்ட் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விற்பவர் படிவத்தில் இருக்கும் 81 கோட்டுக்கு மேலே, உண்மையான 72 சொச்சம் கோட்டுக்குக் கீழே. விலை பேசும்போது நீங்கள் மனதில் வைத்திருந்தது எந்த எண்?

உங்கள் வங்கியின் மதிப்பீட்டாளரும் பெரும்பாலும் ஏஜென்ட் சொன்ன காலத்தைத்தான் அறிக்கையில் எழுதியிருப்பார். சொலிசிட்டர் உங்களுக்கு மட்டுமல்ல, வங்கிக்கும் சேர்த்துத்தான் வேலை பார்க்கிறார். அறிக்கையில் இருப்பதும் லீஸில் இருப்பதும் வேறு என்றால் வங்கிக்குச் சொல்லியே ஆக வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை வருடம் மீதி இருக்க வேண்டும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். வங்கிகளின் கூட்டமைப்பான யுகே ஃபைனான்ஸின் கையேட்டில், இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு வங்கியின் கணக்கும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வங்கி மறுமதிப்பீடு கேட்டால் ஒரு சில வாரம் இழுக்கும். ‘இப்போதைக்குச் சொல்லாமல் விடலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. விட முடியாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? லீஸ் நீட்டிப்பு மதிப்பீடு செய்து பழகிய சர்வேயர் ஒருவரிடம், இந்த லீஸை நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இணையத்தில் இருக்கும் கால்குலேட்டர் தோராயத்துக்குச் சரி, பேரத்துக்கு உதவாது. அந்தத் தொகையோடு ஃப்ரீஹோல்டரின் சொலிசிட்டர் செலவையும் சர்வேயர் செலவையும் சேருங்கள். இன்றைய நடைமுறையில் அதுவும் நீட்டிப்பு கேட்பவர் தலையில்தான் விழும். பிறகு விலையில் அவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். இன்னொரு வழி, விற்பவரே அந்த 1993 சட்டத்தின் பிரிவு 42-இன்படி நீட்டிப்பு கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அதன் உரிமையை பிளாட்டோடு சேர்த்து உங்களுக்கு மாற்றித் தருவது.

முன்பு பிளாட்டை வாங்கி இரண்டு வருடம் காத்திருந்தால்தான் நீட்டிப்பு கேட்க முடியும் என்பதால் எல்லோரும் இரண்டாவது வழிக்கே போனார்கள். 31 ஜனவரி 2025-இலிருந்து அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனாலும் உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் நீங்கள் நோட்டீஸ் கொடுக்க முடியும். பதிவு மாதக்கணக்கில் இழுப்பது சாதாரணம். நோட்டீஸ் கொடுத்த தேதியை வைத்துத்தான் நீட்டிப்புத் தொகை கணக்காகும். 80-க்குக் கீழே இறங்கப் போகும் லீஸ் என்றால் இது உயிர் போகிற விஷயம். உங்களுடையது ஏற்கெனவே இறங்கிவிட்டதால் அவ்வளவு அவசரமில்லை. நானாக இருந்தால் விலைக் குறைப்பைக் கேட்டு, பதிவானதும் நானே நோட்டீஸ் கொடுப்பேன்.

‘ஃப்ரீஹோல்டரிடம் பேசி முடித்துவிட்டோம், சட்டம் கிட்டம் வேண்டாம், சும்மா 125 ஆக்கித் தருவார்’ என்று விற்பவர் தரப்பு சொல்லலாம். 1993 சட்டத்தின் வழியில் போகாமல் பேசிப் போடும் நீட்டிப்பில் மீதியிருக்கும் 72 வருடத்துக்கும் பழைய கிரவுண்ட் ரென்ட்டை ஃப்ரீஹோல்டர் வைத்துக்கொள்ள முடியும். வரைவைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

கிரவுண்ட் ரென்ட்டில் நீங்கள் சொன்ன முரணுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: விற்பவர் தான் கட்டும் தொகையை எழுதுகிறார், லீஸில் ‘முதல் 25 வருடம் 150, அடுத்த 25 வருடம் 300’ என்று ஏறுவரிசை இருக்கிறது. 1999-இலிருந்து எண்ணினால் 25 வருடம் 2024-இலேயே முடிந்துவிட்டது! கட்டடத்தைப் பராமரிக்கும் நிர்வாக ஏஜென்ட் பழைய தொகைக்கே பில் அனுப்பிக்கொண்டிருந்தால் பாக்கி உங்கள் தலையில் வரலாம். எல்பிஇ1 என்று நிர்வாகத் தரப்பு நிரப்பும் படிவம் ஒன்று இருக்கிறது; இன்றைய தேதிக்கு எவ்வளவு, எதுவரை கட்டியாகிவிட்டது என்பது அதில் வர வேண்டும். விற்பவரின் டிஏ7 படிவத்தைவிட எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை.

சர்வீஸ் சார்ஜ் என்ற கட்டடப் பராமரிப்புச் செலவில் உங்கள் பங்கையும் ஒரு பார்வை பாருங்கள். லீஸில் 25 சதவீதம், பில்லில் மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தால் லீஸ்தான் செல்லும். எல்லா பிளாட்டுகளின் பங்கையும் கூட்டினால் நூறு வரவில்லை என்றால் 1987 சட்டப்படி தீர்ப்பாயத்தில் திருத்தம் கேட்கலாம்.

வரைபடம் தனிக் கதை. பழைய லீஸ் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் ஆகியிருந்தால், பிளாட்டைச் சுற்றிய சிவப்புக் கோடும், பார்க்கிங்கைச் சுற்றிய நீலக் கோடும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். விளம்பரத்தில் ‘பார்க்கிங் உண்டு’ என்றிருக்கும். லீஸில் அது சொந்தமாகத் தந்ததா, நிறுத்திக்கொள்ளும் உரிமை மட்டுமா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. வண்ண நகல் கேளுங்கள். மேல்மாடி பிளாட் என்றால் லாஃப்ட், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் இடம், கோட்டுக்கு உள்ளேயா என்றும் பாருங்கள்.

சில சமயம் முரண் உண்மையிலேயே தட்டச்சுப் பிழையாக இருக்கும்: ஒரு பக்கத்தில் 99, இன்னொரு பக்கத்தில் 125. அதற்குத் திருத்தப் பத்திரம் உண்டு. ஃப்ரீஹோல்டரும் இப்போதைய சொந்தக்காரரும் கையெழுத்திட வேண்டும், அவருக்குக் கடன் தந்த வங்கியும் சம்மதிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ‘இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்’ என்பார்கள். அந்த பாலிசி நஷ்டம் வந்தால் பணம் தரும். லீஸைச் சரிசெய்யாது, குறையும் காலத்தை நீட்டிக்காது. இன்னொன்று: பாலிசி எடுப்பதாக இருந்தால், ஃப்ரீஹோல்டரிடம் யாரும் இதைப்பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்று கம்பெனிகள் நிபந்தனை போடும். ஆகவே சொலிசிட்டரைக் கேட்காமல் ஃப்ரீஹோல்டருக்குப் போன் போடாதீர்கள்.

விலகலாமா என்றால், கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம், ஆகும்வரை விலகலாம். சர்வே செலவும் சொலிசிட்டர் செலவும்தான் போகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு கட்டிய பத்து சதவீத டெபாசிட் மாட்டிக்கொள்ளும். அதனால் ‘வாங்கிய பிறகு சரிபண்ணிக்கொள்ளலாம்’ என்பதற்கு ஒப்புக்கொள்ளாமல், எல்லா பதிலையும் எழுத்தில், எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே வாங்கச் சொல்லுங்கள். விற்பவர் விலையைத் துளிகூட இறக்க மாட்டேன் என்றால் நான் விலகத்தான் சொல்வேன். அடுத்து வருகிறவருக்கும் அதே 72 வருடம்தான், இன்னும் கொஞ்சம் குறைந்து. இறங்கி வந்தால், மார்ட்கேஜ் ஆஃபர் எந்தத் தேதிவரை செல்லும் என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் ஆறு மாதம்தான். இந்தக் கடிதப் போக்குவரத்திலேயே அது கரைந்துவிடும் என்பதால் ஆஃபரின் காலத்தை நீட்டிக்க வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.