ஆசிரியர் சம்பளத்தை நம்பிக் கொழும்பில் குடும்பம் நடத்த முடியுமா?

உயர்தரம் முடித்துக் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகியிருப்பதாகவும், வாத்தியார் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது, கடைசியில் ரியூசன்தான் கதி என்று வீட்டில் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் தோரணையை வைத்துத் தம்பி என்றே கொள்கிறேன். தங்கையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஒரு சம்பளத்தில் முடியாது. ஆனால் ரியூசனை விட்டால் வேறு வழியே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தொட முடியாமல், மலையகத்தில் பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி, அதன்பின் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியராக முதல் நியமனம். திருமணம் முடிந்த பிறகும் நான் மலையில், மனைவி கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் என்று சில வருடங்கள் கழிந்தன. ஹட்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் என்னை, பேசத் தொடங்கியிருந்த மகள் விருந்தாளியைப் பார்ப்பது போலக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். இடமாற்றம் கிடைத்து நான் வீட்டோடு வந்து சேர்ந்தபோது அவள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

மனைவியின் சம்பளம் அன்றும் என்னுடையதைவிடக் கூடுதல், இன்றும் கூடுதல். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் "மாப்பிள்ளைக்கு அரை நாள் வேலைதானே" என்று மாமி உறவினர்களிடம் விளக்கம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சுடும். பாடசாலை 1.30 மணிக்கு விடும் என்பது உண்மை. அதன்பின் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே தவணைப் பரீட்சை விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவேன். தேங்காய் துருவிய கையோடு திருத்தி, ஒரு பிள்ளையின் கேத்திரகணிதத் தாளில் எண்ணெய்க் கறை பட்டு, மறுநாள் அந்தப் பிள்ளை "சேர், நீங்கள் சமைப்பீங்களா?" என்று கேட்டதும் உண்டு. அந்த மற்ற அரை நாளுக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் நிரல் கிடையாது.

சம்பளப் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் கேட்டது அதைத்தான். அரச ஊழியருக்கு இடர் கடன் என்று ஒன்று உண்டு, 4.2 வீத வட்டியில் எடுக்கலாம்; நீண்ட காலம் அதன் உச்சவரம்பு 250,000 ரூபாவாக இருந்தது. கொழும்பில் வாடகை வீட்டுக்கு முற்பணம் கட்டும் ஆசிரியர்களில் பலர் முதலில் போய் நிற்பது அங்கேதான். அந்தத் தவணையும் ஓய்வூதியக் கழிவும் போன பிறகு கையில் வருவதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்த 2021 இல், அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாட்டை எதிர்த்து மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றோம். பிள்ளைகளின் படிப்போடு விளையாடுகிறோம் என்று திட்டியவர்கள், அதுவரை எங்கள் சொந்தச் செலவில்தான் டேட்டா போட்டோம் என்பதை யோசிக்கவில்லை. அடுத்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது மனைவியின் சம்பளத்தில். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது பெரிய பாய்ச்சலாகத் தெரியும். ஆனால் கூடிய தொகையில் 7,500 ரூபா முன்பே கொடுப்பனவாக வந்துகொண்டிருந்தது, மிச்சமும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

இனி ரியூசன். சனிக்கிழமைகளில் நானும் வகுப்பு எடுக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் என் பாடசாலைப் பிள்ளைகள் எவரையும் காசுக்குச் சேர்ப்பதில்லை. இதைப் படித்துவிட்டு "பெரிய உத்தமர்" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு ஒன்று: ரியூசன் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, வாடகை எல்லோருக்கும் ஒன்றுதான். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், ஒரு பாட அலகின் பாதியை வகுப்பறையிலும் மீதியைத் தன் வீட்டு முன்கூடத்திலும் கற்பித்த ஒருவர் இருந்தார். காசு கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அந்த மீதிப் பாதி கடைசிவரை கிடைக்கவில்லை. என் எரிச்சல் அதன் மேல்தான். தன் மாணவர்களுக்கே கட்டண வகுப்பு நடத்துவதை 2023 இல் மேல் மாகாணத்தில் தடைசெய்தபோது, அந்தச் சுற்றறிக்கையை நானே எழுதியதுபோல ஆசிரியர் அறையில் சிலர் என்னைப் பார்த்தார்கள். இத்தனைக்கும் என் மகளின் பௌதிகவியலுக்கு மாதாமாதம் ரியூசன் காசு கட்டுபவனும் நான்தான். கட்டாவிட்டால் அவளை யாரோடு போட்டியிட விடுவது?

ஆகவே கல்லூரிக்குப் போங்கள். முதல் நியமனம் கொழும்பிலேயே கிடைக்கும் என்று நம்பித் திருமணத் திகதி குறித்துவிடாதீர்கள். பெண் வீட்டாரிடம் உங்கள் சம்பளத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீடு பார்க்கும் காலம் வந்தால் வெள்ளவத்தையை விட்டுவிட்டு மட்டக்குளி, வத்தளைப் பக்கம் விசாரியுங்கள்.