யார்ல் எங்கே போனார்?

கேள்வி: குரூசேடர் கிங்ஸ் 3 என்ற அரச வம்சக் கணினி விளையாட்டை விளையாடுகிறேன். வைக்கிங் தலைவனாக இருந்தவரை என் ஊர் யோர்விக், எனக்கு யார்ல் என்ற வைக்கிங் பிரபுப் பட்டம். செத்துப்போய் மகனாகத் தொடர்ந்ததும் ஊர்ப்பெயரும் மாறிவிட்டது, யார்லையும் காணோம். கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, உங்கள் மகனைப் பாருங்கள். சின்ன வயதில் அவனை ஆங்கிலோ-சாக்சன் (பழைய ஆங்கிலேய) ஆள் யாரிடமாவது வளர விட்டிருப்பீர்கள், அவரும் பையனைத் தன் பண்பாட்டுக்கே மாற்றியிருப்பார். பட்டம் அதேதான், எல்லையும் அதேதான், ஆனால் அதை என்னவென்று அழைப்பது என்பதை விளையாட்டு பெரும்பாலும் பட்டம் வைத்திருப்பவரின் பண்பாட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதனால்தான் ஓர் இந்திய அரசர் மகாராஜா ஆகிறார். முஸ்லிம் ஆட்சியாளர் சுல்தான், அமீர் என்று வருவதில் மதத்துக்கும் பங்கு உண்டு.

இது கற்பனையும் இல்லை. 866இல் வைக்கிங்குகள் பிடித்த ஆங்கிலோ-சாக்சன் நகரம் இயோஃபர்விக்தான் அவர்கள் வாயில் யோர்விக் ஆகி, பிறகு இங்கிலாந்தின் யார்க் ஆனது. ஏர்ல் என்ற ஆங்கிலேயப் பிரபுப் பட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. அந்தச் சொல்லின் பொருளில் டேனியர்களின் யார்ல் கலந்திருக்கிறது, 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள், ஆனால் ஏர்லின் மனைவியை மட்டும் தங்கள் கவுன்ட் பட்ட வழக்கப்படி கவுன்டஸ் என்றார்கள், இன்றைக்கும் அப்படித்தான்.

சரி, யார்ல் திரும்ப வேண்டுமா? பேரனை வைக்கிங் பாதுகாவலரிடம் ஒப்படையுங்கள்.