தார்சு ஒழுக்கு முதல் வீட்டு வரி வரை: சேலம், ஏற்காடு வீட்டுக்காரர்களுக்குப் பதில்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து ஒருவர்: ஐயா, எங்கள் தார்சு வீட்டின் மேல்தளத்தில் ஒவ்வொரு மழைக்கும் ஓதம் ஏறுகிறது. நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா?

பதில்: தண்ணீர் நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் பெயின்ட் வாங்காதீர்கள். சேலத்துக் கோடைப் பகலில் சூடேறி விரிந்திருக்கும் கான்கிரீட், சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை இடிமழை பட்டதும் சட்டெனக் குளிர்ந்து சுருங்குவதால், மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலும் வடிகுழாய் வாயைச் சுற்றியும்தான் முதலில் விரிசல் விடுகிறது. நான் பார்த்த ஒழுக்குகளில் பெரும்பாலானவை அங்கே தொடங்கியவையே.

வடிகுழாய்களைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் கழித்துக் கீழே ஈரம் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள். பிறகு மூலைகளைச் சரிவாகப் பூசி, தண்ணீர் தேங்கும் பள்ளங்களைத் தூர்த்து, வடிகுழாயை நோக்கி வாட்டம் எடுங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் போட்டு மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறை, வெயிலையும் தாங்குவதால் நம் ஊருக்கு இன்றும் ஏற்றது என்பதே என் கருத்து. பெயின்ட் கடைசி வேலை. அதையும் தளம் முழுதாகக் காய்ந்த பின்னரே அடிக்க வேண்டும். கூரையின் அடிப்பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், மேஸ்திரியோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்: வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர் நடுவில் புடைத்திருக்கிறது. இடித்துக் கட்ட வேண்டுமா?

பதில்: தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் சேர்வராயன் மலையில், மண்ணோடு சேர்ந்து அதில் ஊறிய நீரும் சுவரைத் தள்ளுகிறது. சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் உள்ளனவா, அவை வேராலும் சேற்றாலும் அடைபட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள். சுவரின் பின்புறம் ஜல்லி நிரப்பாமல் வெறும் மண்ணைக் கொட்டியிருந்தால் துளைகள் எப்படியும் அடையும். மேல்சரிவில் ஒரு கால்வாய் வெட்டி, மழைநீர் சுவரை அடையும் முன்பே பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். புடைப்பு வளர்கிறதா என்று அறிய, அதில் உள்ள விரிசலின் இரு முனைகளிலும் தேதியோடு பென்சில் கோடு போட்டு வையுங்கள். வளர்ந்தால் உடனே பொறியாளரிடம் காட்டுங்கள். அதுவரை சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஓர் அம்மா: நிலைக்கதவில் கரையான் மண்கோடு. மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. கோட்டை அழித்தாலும் புற்று மண்ணுக்குள் இருக்கும். சுவரோரத் தரையில் துளையிட்டு மருந்து செலுத்துபவர்களை அழையுங்கள். அருகில் குழாய்க் கசிவு இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்வரை கரையான் திரும்பி வரும்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்: வீட்டுப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: இன்றைய விலையில் அதே வீட்டைக் கட்ட ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கு என்பது என் கணக்கு. 30 லட்சம் ஆகும் வீட்டுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். செலவில்லாத ஆண்டிலும் அதைத் தனிக் கணக்கில் சேருங்கள். போர்வெல் மோட்டாரும் வெள்ளையடிப்பும் ஒரே ஆண்டில் வந்துவிடும். வீட்டு வரி இதில் சேராது. மாநகராட்சி வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் செலுத்தினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் குறையும்.

சூரமங்கலத்திலிருந்து ஒருவர்: செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. ஆள் வைத்து எடுப்பது மலிவு என்கிறார்கள்.

பதில்: எக்காரணம் கொண்டும் ஒருவரை உள்ளே இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் நச்சுவாயு ஓரிரு மூச்சில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. 14420 என்ற உதவி எண்ணை அழைத்து, உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். தொட்டி மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்திருந்தால், லாரியின் குழாய் எட்டும்படி அதைத் திறந்து மூடக்கூடியதாக இப்போதே மாற்றிவிடுங்கள்.