மரம் ஏற முதலில் எதை வாங்குவது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றும் மாமரம் இரண்டும் நிற்கின்றன. சின்ன வயதில் ஊரில் வெறுங்காலோடு ஏறியவன்தான், இப்போது 40 வயது. கயிறு கட்டி முறையாக ஏறப் பழக ஆசை. ஆன்லைனில் பார்த்தால் சில நூறு ரூபாயிலிருந்து பல்லாயிரம் வரை என்னென்னவோ வருகிறது. கட்டட வேலையில் போடும் பெல்ட் போதாதா சார்?
- ஒரு வாசகர், மேடவாக்கம்

பதில்: போதாது. கட்டடத்தில் போடுகிற பெல்ட், தவறி விழுந்தால் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தது, அதன் முக்கிய வளையம் முதுகில் இருக்கும். மரத்தில் நடப்பது வேறு. தரையை விட்ட நொடியிலிருந்து நீங்கள் கயிற்றில் உட்கார்ந்தே இருக்கிறீர்கள், அதுவும் அரை மணி, ஒரு மணி என்று. முதுகு வளையத்தில் அப்படித் தொங்கினால் உடம்பு முன்னால் சாயும், தொடைப் பட்டை அறுக்கும், கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிடும். மரத்துக்கென்றே வரும் ஹார்னஸில், அதாவது உடம்பில் மாட்டும் பட்டைத் தொகுப்பில், இடுப்பையும் தொடையையும் அகலமான பட்டைகள் தாங்கும், கயிறு மாட்டும் இடம் முன்பக்கம் இருக்கும், இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் இருக்கும். லேபிளில் இ.என். 813, இ.என். 358 என்ற இரண்டு ஐரோப்பியத் தர எண்களும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது உட்கார்ந்து தொங்குவதற்கான தரம், இரண்டாவது மரத்தைச் சுற்றிப் பட்டை போட்டு ஓரிடத்தில் நிற்பதற்கானது. வாங்கியதும் தாழ்வான கிளையில் தரைக்கு ஒரு அடி மேலே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அங்கேயே வலித்தால் அளவு சரியில்லை, மாற்றிவிடுங்கள்.

அடுத்து கயிறு. இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன், நிஜமாகவே. பழக ஆரம்பித்த புதிதில் ஒரு கடையில் "லாரியையே இழுக்கும்" என்று சொல்லிக் கொடுத்த பிளாஸ்டிக் கயிற்றை வாங்கிவந்தேன். இறங்கும்போது, என்னைத் தாங்கிக்கொண்டிருந்த முடிச்சை அழுத்தி வேகமாக வழுக்கிவிட்டேன். கீழே வந்து பார்த்தால் முடிச்சுக்குள் இருந்த பகுதி இழை இழையாக இல்லை, உருகிக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இறுகிப்போயிருந்தது. நல்லவேளையாக உயரம் எட்டடிதான். அந்தக் கயிறு பாலிபுரோப்பிலீன், 165 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரி வாக்கில் ஆகவேண்டும். இழுத்துப் பார்க்கும்போது இரண்டும் பலமாகத்தான் தெரியும், உரசலில்தான் வித்தியாசம்.

அதனால் 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், இ.என். 1891 ஏ வகை என்று போட்ட, அதிகம் நீளாத கயிறு வாங்குங்கள். பாறை ஏறுபவர்களின் டைனமிக் கயிறு வேண்டாம். அது விழுந்தால் நீண்டு அதிர்வை வாங்கிக்கொள்வதற்கானது, அதில் ஏறினால் நீங்கள் இழுக்க இழுக்க அது ரப்பர் மாதிரி நீளும். கயிறு கிளைக்கு மேலே போய்த் திரும்பி வரவேண்டும் என்பதால் 10 மீட்டர் உயரக் கிளைக்கு 20 மீட்டர் அதிலேயே போய்விடும், அப்புறம் முடிச்சுகளுக்கு வேறு வேண்டும். 30 மீட்டராக வாங்கிவிடுங்கள். ஆரம்பத்துக்கு பிளேக்ஸ் ஹிட்ச் என்ற முடிச்சு ஒன்றே போதும், உங்கள் எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும், கையால் நகர்த்தினால் நகரும். கயிற்றின் வால் பகுதியிலேயே அதைப் போடலாம், தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை ஏறிய பிறகும் முழுக் கயிற்றையும் விரல்களுக்கு இடையே விட்டு உருவிப் பாருங்கள். எங்காவது தளர்வாகவோ புடைப்பாகவோ தட்டுப்பட்டால் அந்தக் கயிற்றில் இனி ஏறக் கூடாது.

ஹெல்மெட்டுக்கு இ.என். 12492 தரம். சாதாரண கட்டட ஹெல்மெட்டின் தாடைப் பட்டை கொஞ்சம் இழுத்தாலே விட்டுவிடும். காரபைனர், அதாவது கயிற்றையும் ஹார்னஸையும் இணைக்கும் உலோகக் கொக்கி, தானாகப் பூட்டிக்கொள்வதாக, தாங்கும் விசை 22 கிலோநியூட்டனுக்குக் குறையாமல் பொறித்ததாக இரண்டு மூன்று போதும். மேலே கயிற்றை அனுப்ப 300, 400 கிராம் எடையுள்ள சின்னப் பையும் மெல்லிய வழுக்கு நூலும் வேண்டும். கிளைமேல் கயிறு உரசும் இடத்தில் ஒரு தோல் உறை போட்டால் பட்டையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். காலில் கட்டும் இரும்பு முள்ளை வாங்கவே வாங்காதீர்கள், உயிரோடு இருக்கும் மரத்தை அது ஒவ்வொரு அடியிலும் குத்திக் காயப்படுத்தும்.

மாமரத்தைவிட தூங்குமூஞ்சியில் ஆரம்பியுங்கள், கிளைகள் அகலமாக விரிந்திருக்கும், முசுறும் குறைவு. கயிறு போடும் கிளை பச்சையாக, 15 சென்டிமீட்டராவது தடித்ததாக இருக்கட்டும். மின்கம்பி அருகில் போகிற மரம் என்றால் வேண்டவே வேண்டாம். கீழே, உங்களை இறக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். முதல் சில நாள் இதில் அனுபவமுள்ளவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், இந்த முடிச்சுகளை வீடியோ பார்த்து மட்டும் நம்பிவிட முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டுத் தென்னைக்கும் இதே கயிறு சரிப்படுமா?
- ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: சரிப்படாதும்மா, கயிறு போடக் கிளை இல்லையே. தென்னைக்கு இரண்டு சட்டங்களை மரத்தில் மாற்றி மாற்றி நகர்த்தி ஏறும் கருவி தனியாக இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் வகையும் உண்டு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-லிருந்து 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் ஏறுவதற்குப் பயிற்சி கொடுத்துவந்திருக்கிறது. கருவியை மட்டும் நம்பாமல் மரத்தைச் சுற்றிப் போடும் பாதுகாப்புப் பட்டையையும் சேர்த்தே வாங்குங்கள்.