ஆட்டுக்குத் தீவனம், குதிரைக்கு நஞ்சு

கேள்வி: ஆடுகளுக்காக வளர்த்த சவுண்டல் தழையை மூன்று மாதமாக என் பெண் குதிரைக்கும் போடுகிறேன். ஆசையாகத் தின்கிறது. ஆனால் வால் முடியும் பிடரி மயிரும் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகின்றன. தோலில் புண் இல்லை, உரசிக்கொள்வதும் இல்லை. தழையைக் குறைத்தால் போதுமா?

பதில்: குறைப்பது போதாது, இன்றே அடியோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சவுண்டல் நஞ்சுக்கு அப்படியே பொருந்துகின்றன. சூபாபுல் என்பதும் இதே மரம்தான்.

இதன் இலையிலும் விதையிலும் மிமோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கொழுந்தில் இன்னும் அதிகம். வேகமாகப் பெருகும் செல்களின் வளர்ச்சியை இது தடுக்கும். அதனால் நீண்டு வளரும் பிடரி, வால் முடிகள்தான் முதலில் அடிவாங்குகின்றன. பூச்சிக்கடியாலோ குடல்புழுவாலோ முடி கொட்டினால் குதிரை மரத்திலும் சுவரிலும் உரசி உரசி முடி முறிந்திருக்கும். இங்கே அரிப்பே இல்லாமல் முடி கழன்று வருகிறது. எனக்கு இதுவே முக்கியமான தடயம்.

அதே தழை ஆட்டுக்கு ஒத்துக்கொள்வது ஏன்? அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றிலேயே நுண்ணுயிரிகள் மிமோசினைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அதிலிருந்து வரும் இன்னொரு நச்சையும் முறிக்கத் தனி பாக்டீரியா வேண்டும். ஆஸ்திரேலிய மாடுகளுக்கு அது இல்லாமல் போனதால் சவுண்டல் கேடு செய்தது. ஹவாய் ஆடுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அந்த வேறுபாட்டைத் துருவிய ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸின் பெயரையே 1992இல் அந்த பாக்டீரியாவுக்கு வைத்தார்கள். குதிரையின் உடலமைப்பு வேறு. தீவனம் நொதிப்பது பெருங்குடலில். அங்கே போய்ச் சேருமுன்பே சிறுகுடல் மிமோசினை உறிஞ்சிவிடுகிறது.

முடியைவிட எனக்குக் குளம்பைப் பற்றித்தான் கவலை. தோலும் குளம்பும் சேரும் இடத்தில் வீக்கம், குளம்பைச் சுற்றி வளையம் வளையமாக மேடு பள்ளம், வெடிப்பு, நடையில் நொண்டல் இருக்கிறதா என்று நான்கு கால்களிலும் பாருங்கள். ஏதாவது தென்பட்டால் கால்நடை மருத்துவரையும் லாடம் கட்டுபவரையும் சேர்த்தே அழையுங்கள். செலினியம் என்ற தாது மிகையானாலும் இதே போல முடி கொட்டும், குளம்பு வெடிக்கும். அதனால் தாது உப்புக் கலவை ஏதும் கொடுத்துவந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; இரத்தப் பரிசோதனை தெளிவுபடுத்திவிடும். சினையாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முறிவு மருந்து கிடையாது. நிறுத்துவதுதான் வைத்தியம். நல்ல உலர்புல்லும் தண்ணீரும் கொடுங்கள். முடி சில மாதங்களில் திரும்ப வளரும். குளம்புக்குப் பொறுமை வேண்டும்: மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்வதால், கெட்ட பகுதி நுனிவரை இறங்கி வெட்டுப்பட ஓராண்டு வரை ஆகலாம். காயவைத்துப் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வெயிலில் மிமோசின் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது, அதை நம்பாதீர்கள்.

இன்னொன்று. வேலியோரம் அரளி இருந்தால் கத்தரித்த கிளைகளைக் குதிரைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். பச்சை இலையின் கசப்புக்கு விலகும் குதிரைகூடக் காய்ந்த இலையைத் தின்றுவிடும்; நஞ்சோ காய்ந்தாலும் அப்படியே இருக்கும். முப்பது நாற்பது இலைகளே வளர்ந்த குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். சவுண்டல் கொடுக்கும் மாதக்கணக்கான அவகாசத்தை அரளி கொடுக்காது. தின்றதாகச் சந்தேகம் வந்தாலே, அடையாளத்துக்குக் காத்திராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.