நான்கு வயது மகனுக்கு ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய், ஒரு மாதத்துக்கு மேல் வார்டில் இருக்கச் சொல்கிறார்கள். குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் மகனுக்கு ஏ.எல்.எல். என்று சொல்லியிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், 2 முதல் 5 வயதுக்குள் உச்சம். இண்டக்‌ஷன் என்கிற முதல் கட்டம் 4 முதல் 5 வாரம். மொத்தச் சிகிச்சை 2 ஆண்டைத் தாண்டும், ஆனால் அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வந்துபோவதுதான். இந்த முதல் மாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மருந்தின் அளவு, நாள் எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

முதலில் அவனிடம் என்ன சொல்வது? 'சாதாரணக் காய்ச்சல்தான், ரெண்டு நாள்ல போயிடலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது நாளிலிருந்து நீங்கள் சொல்லும் எதையும் அவன் நம்ப மாட்டான், அதற்குப் பிறகுதான் உங்கள் பேச்சு நிறையத் தேவைப்படும். நோயின் பெயரையே சொல்லலாம். 'உன் ரத்தம் உருவாகுற இடத்துல சில செல் சரியா வேலை செய்யல, அதை மருந்து சரி பண்ணும். நீ செஞ்ச எதனாலயும் இது வரல. தொட்டா யாருக்கும் ஒட்டாது. ராத்திரி அம்மாவோ அப்பாவோ கூடவே இருப்போம்.' இவ்வளவு போதும். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சேட்டை செய்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே இந்த வயதுக் குழந்தைகள் பலர் நினைத்துக்கொள்வார்கள், வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். வீட்டில் இருக்கும் அண்ணன், அக்காவிடமும் இதையேதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஊசி. நெஞ்சில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பொருத்தும் சிறு கருவி) வைத்திருந்தால், ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் கிரீமைத் தடவி அதன் மேல் ஒட்டுப்படலம் போட்டு மூட வேண்டும். இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டால் தோலின் மேற்பரப்பு மட்டும்தான் மரத்திருக்கும், ஊசி உள்ளே இறங்கும்போது வலிக்கும். பிறகு 'கிரீம் போட்டாலும் வலிக்கும்' என்று அவன் மனதில் பதிந்துவிடும், அடுத்த முறை கிரீமைத் தடவவே விட மாட்டான். காலையில் நர்ஸிடம் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட மடியில் உட்கார வைப்பது நல்லது. போர்ட்டுக்கு, அவன் முதுகு உங்கள் நெஞ்சில் சாய, நர்ஸைப் பார்த்தபடி உட்காரட்டும். அவன் இரண்டு கைகளையும் நீங்கள் முன்னால் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, அந்தக் கையை மட்டும் உங்கள் அக்குளுக்கு அடியில் வெளியே நீட்டச் செய்யலாம். 'வலிக்காது' வேண்டாம். 'கிள்ளின மாதிரி இருக்கும், பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆயிடும். நீ அழலாம், ஆட மட்டும் கூடாது' என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும். பாட்டி, சித்தப்பா, நர்ஸ் எல்லோரும் ஒரே நேரத்தில் சமாதானம் சொன்னால் மிரண்டுபோவான். முடிந்தால் ஊசி, டிரெஸ்ஸிங் எல்லாம் சிகிச்சை அறையில் நடக்கட்டும், அவன் படுக்கையில் வேண்டாம். படுக்கையில் யாரும் குத்த மாட்டார்கள் என்று தெரிந்தால் தூக்கம் வரும். சில குழந்தைகளுக்கு ஊசியைவிடப் பிளாஸ்டரை உரிப்பதுதான் பெரிய பயம். அதற்கென்று பசை நீக்கும் துடைப்பான் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்.

முதுகுத்தண்டில் மருந்து ஏற்றும் நாள் தனி ரகம். மயக்கம் கொடுப்பதால் பொதுவாக 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், தெளிந்த நீர் கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் வரை அனுமதி. பசியைத் தூண்டும் ஸ்டீராய்டு மருந்தில் இருக்கும் குழந்தைக்கு வெறும் வயிறு பெரிய சித்திரவதை. முதல் ஆளாக அழைக்க முடியுமா என்று முந்தின நாளே கேளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன கொடுக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நேரத்துக்கு முன் எழுப்பியாவது ஊட்டிவிடுங்கள். அன்று காலை அவன் கண்முன் யாரும் சாப்பிடக் கூடாது.

ஸ்டீராய்டு, அதாவது டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசலோன், தொடங்கிச் சில நாளிலேயே வேறு குழந்தையோடு வாழ்வது போல இருக்கும். நள்ளிரவில் பசி, உப்புச் சுவைக்கு ஏக்கம், காரணமில்லாத அழுகை, கையில் கிடைத்ததை வீசி எறிவது. இது மருந்து செய்கிற வேலை, வளர்ப்பு அல்ல. அந்த வெறியில் இருக்கும்போது புத்தி சொன்னால் ஏறாது. பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். அதற்காக அடிப்பதையும் கடிப்பதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், 'கோபப்படு, அடிக்கக் கூடாது' என்ற கோடு முன்பு போலவே இருக்கட்டும். எல்லாக் கட்டுப்பாடும் திடீரென்று காணாமல் போனால், தனக்கு ஏதோ பயங்கரமாக நடக்கப்போகிறது என்று குழந்தை புரிந்துகொள்கிறது. நாளுக்கு இரண்டு வேளை மருந்து என்றால், தூக்கம் கெடாதபடி இரண்டாவது வேளையை மாலைக்கு முன்னால் கொண்டுவரலாமா என்று கேட்டுப் பாருங்கள். தொடைத் தசை தளர்ந்து தரையிலிருந்து எழ முடியாமல் போகலாம், அது சோம்பல் இல்லை.

வின்கிரிஸ்டின் என்கிற கீமோ மருந்து வாரம் ஒருமுறை வரும். நரம்புகளையும் பாதிக்கும். குடல் மந்தமாகும், தாடை வலிக்கும், பாதம் தொய்ந்து நடக்கும்போது தரையில் தட்டும். தாடை வலியைச் சொல்லத் தெரியாமல் சாப்பாட்டைத் தள்ளிவிடுவான், பெரியவர்கள் அதை அடம் என்று நினைத்துத் திணிப்பார்கள். அந்த நாட்களில் மென்று சாப்பிட வேண்டாததாகக் கொடுங்கள். இரண்டு நாள் மலம் போகவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், மலமிளக்கி கொடுப்பார்கள். ஆசனவாயில் மாத்திரை, எனிமா, தெர்மாமீட்டர் எதுவும் வைக்கவே கூடாது. கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறைந்திருக்கும்போது அங்கே ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி நேராக ரத்தத்துக்குப் போய்விடும்.

வாய்வழி மருந்துக்கு 'மருந்து சாப்பிடலாமா?' என்று கேட்காதீர்கள், 'வேண்டாம்' என்பான், பிறகு நீங்கள் அதை மீற வேண்டிவரும். 'ஸ்பூனா, சிரிஞ்சா?' என்று கேளுங்கள். சிரிஞ்சைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து ஒவ்வொரு மில்லியாக விடுங்கள், நடு நாக்கில் பீய்ச்சினால் ஓங்கரிக்கும். முழு டம்ளர் பாலில் கலக்க வேண்டாம். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது, பாலையும் வெறுத்துவிடுவான். ஒரே ஒரு ஸ்பூன் இனிப்பான எதிலாவது கலந்தால் போதும். கீமோ மாத்திரையை மட்டும் கேட்காமல் பொடிக்காதீர்கள். வாந்தி எடுத்தால், மருந்து கொடுத்து எத்தனை நிமிடம் ஆனது என்று சொல்லிக் கேளுங்கள், நீங்களாகவே மறுபடி கொடுக்க வேண்டாம். கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை டயபர், சிறுநீர், வாந்தியைக் கையுறை போட்டே எடுக்க வேண்டும்; கர்ப்பமாக இருப்பவர் இதைச் செய்ய வேண்டாம்.

நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள். காலையில் திரையை விலக்கி, பல் தேய்த்து (மிக மென்மையான பிரஷ்), இரவு உடையை மாற்றி, பகல் பகலாக இருக்கட்டும். டிரிப் எப்போது கழற்றப்படும் என்று நர்ஸிடம் கேட்டு அந்த இடைவெளியைக் குளியலுக்கும் நடைக்கும் வையுங்கள். போனை நாள் முழுவதும் கையில் கொடுத்துவிட்டால், ஊசி நேரத்தில் கவனத்தைத் திருப்ப உங்களிடம் எதுவும் இருக்காது. ஊசி இல்லாத சிரிஞ்சும் ஒரு பொம்மையும் கொடுங்கள். பொம்மைக்கு அவனே டிரெஸ்ஸிங் போடட்டும். அவன் பொம்மையிடம் பேசுவதைக் கேட்டால், அவனுக்கு எது பயம் என்று தெரிந்துவிடும். மறுபடி டயபர், பாட்டில் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பின்னால் மாறிவிடும்.

துணைக்கு இருப்பவர்கள் இருவராவது வேண்டும், மாறி மாறித் தூங்க. ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் நோயின் பெயர், எடை, அலர்ஜி, லைனின் (மருந்து ஏற்றும் குழாய்) வகை. அடுத்த பக்கங்களில் தினமும் வெப்பம், கவுண்ட், மலம், சாப்பிட்டது, ரவுண்ட்ஸில் கேட்க வேண்டிய கேள்வி. ஆள் மாறும்போது நோட்டும் கைமாறட்டும். சளி, இருமல் இருப்பவர் சொந்தத் தாத்தாவாக இருந்தாலும் வாசலோடு நிற்கட்டும்.

டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு உறுதி செய்ய வேண்டியது காய்ச்சல் விஷயம். நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) 500-க்குக் கீழே இருக்கும்போது 100.4 ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) வந்தாலே அவசரம். பாராசிட்டமால் கொடுத்து 'குறையுதா பாப்போம்' என்று காத்திருக்கக் கூடாது, போய்ச் சேர்ந்து 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைத்துவிடும். அதனால் சூடு இல்லாவிட்டாலும் துவண்டு கிடந்தாலோ, லைனைக் கழுவி ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம் வந்தாலோ கிளம்பிவிடுங்கள். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது, ரத்தத்தை உறையச் செய்யும் பிளேட்லெட்டைப் பாதிக்கும். சின்னம்மை, தட்டம்மை வந்தவர் பக்கத்தில் அவன் இருந்தது தெரிந்தால் கொப்புளம் வரும் வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்; சின்னம்மைக்கு எதிரான ஆன்டிபாடி ஊசியை (இம்யூனோகுளோபுலின், வழக்கமான தடுப்பூசி அல்ல) முதல் 4 நாளுக்குள் போடுவதுதான் நல்லது. இரவில் எந்த எண்ணை அழைப்பது, எந்த வாசல் வழியாக வருவது என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.